பழைய குரல் அறியாத சொற்கள்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் அண்ணிதான் எடுக்கிறார்கள். ஒருநாள் நீ குளிக்கிறாய், ஒருநாள் சந்தைக்குப் போயிருக்கிறாய், ஒருநாள் தூங்குகிறாய். பட்டப்பகலில் படுத்துத் தூங்குகிற ஆளா நீ? மீன் ஏலத்தில் நீ போடுகிற சத்தத்தில் சந்தையே தூங்காது. உன்னைச் சும்மாவா "சங்கு" என்று கூப்பிடுகிறார்கள்!

எனக்கு அருங்காட்சியகத்தில் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளுக்கு உயிரினங்களின் அறிவியல் பெயர்களைச் சரியாக உச்சரிக்கப் பழக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த வழிகாட்டியம்மா நேற்று ஒரு கடல் நத்தையின் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றார். பெயர்ப் பலகையில் முதல் எழுத்து "ப்". அதை விடக்கூடாது என்று, "இதன் பெயர் ப்... ப்... ப்டெரபாட்" என்று முட்டி மோதிச் சொல்ல, முன்வரிசையில் நின்ற பெரியவர், "தும்மல் வந்தா தும்மிடுங்கம்மா, அடக்கக்கூடாது" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது.

அந்த "ப்" ஊமை, அண்ணா. எழுத வேண்டும், சொல்லக்கூடாது. டெரபாட். "இறகுக்கால்" என்று பொருள். ஊர்ந்து போக வேண்டிய காலை இரண்டு இறகாக விரித்துக் கடலுக்குள் பறக்கிற நத்தை அது. அளவு ஒரு பயறுதான். அதைப் பார்த்து இப்படி ஒரு பெயர் வைத்த ஆள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த முறை நீயே போனை எடு. அண்ணிக்கு என் அன்பு.

உன் வாலு

---

பிப்ரவரி 6

அன்புத் தங்கை வாலுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

தொண்டை கட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் கத்தின தொண்டை, லீவு கேட்கிறது. அதனால் போன் வேண்டாம், எழுது. உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் எனக்குப் பழக்கம்தான்.

டெரபாட் நல்ல வார்த்தை. ட இருக்கிறது, ப இருக்கிறது, கடைசியில் இன்னொரு ட். இதே மாதிரி வேறு வார்த்தைகள் இருந்தால் அனுப்பு. ப, ட, க, இந்த ஓசையில் தொடங்க வேண்டும். நடுவிலும் அவையே வந்தால் ரொம்ப நல்லது. ம, ன, ல வேண்டாம். எப்படிச் சொல்வது என்று துண்டு துண்டாகப் பிரித்து எழுது. என்ன அர்த்தம் என்றும் எழுது. அர்த்தம் தெரியாத வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

எதற்கு என்று கேட்பாய். சந்தையில் ஒரு போட்டி என்று வைத்துக்கொள்.

அன்புடன்
அண்ணன்

---

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

உன் தொண்டைக்கு என் வணக்கத்தைச் சொல். வெந்நீர் குடி. கத்தாதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்?

போட்டிக்கான சரக்கு இதோ.

கோ-ப்பெ-பாட். கோப்பெபாட். "துடுப்புக்கால்" என்று பொருள். கடலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கிற பூச்சி மாதிரி ஓர் உயிர். இரண்டு பக்கமும் துடுப்புப் போட்டுத் தாவித் தாவிப் போகும். உன் கூடைக்கு வருகிற மீனில் பாதி இதைத் தின்றோ, இதைத் தின்றதைத் தின்றோ வளர்ந்ததாகத்தான் இருக்கும். உனக்குப் படியளக்கிற புண்ணியவான் அவன்தான்.

டெக்-டைட். "உருகியது". விண்கல் வந்து பூமியில் மோதியபோது மண் உருகித் தெறித்து, பறந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடியாக இறுகிய துண்டு. எங்களிடம் ஒன்று இருக்கிறது, கறுப்பு, கண்ணீர்த் துளி வடிவம். தினமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

ட-பீ-ட்டம். இருட்டில் பூனையின் கண் பளபளக்கிறதே, அந்தக் கண்ணுக்குள் விரித்திருக்கும் மெல்லிய படலம். லத்தீனில் "கம்பளம்". கடைசியில் "ம்" வருகிறது, மன்னித்துவிடு. ஆனால் கண்ணுக்குள் கம்பளம் விரித்திருக்கிற உயிரைப் பற்றி உனக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது?

போட்டியில் யார் ஜெயித்தது என்று எழுது.

உன் வாலு

---

மார்ச் 15

வாலுக்கு,

நலமா? நாங்கள் நலம் என்றே சொல்ல வேண்டும்.

கோப்பெபாட் முதலில் "கோ" மட்டும் வந்தது. பிறகு "கோப்". பத்து நாள் போராடி முழுசாகப் பிடித்துவிட்டேன். டெக்டைட் சுலபமாக வருகிறது, சுத்தியலால் ஆணி அடித்த மாதிரி. டபீட்டம் கடைசியில் சறுக்கி "டபீட்டப்" என்று போய் நிற்கிறது. அண்ணி அதற்கு "பூனைக் கம்பளம்" என்று பெயர் வைத்துவிட்டாள். காலையில் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, "எங்கே, பூனைக் கம்பளம் சொல்லுங்க" என்கிறாள். சொன்னால்தான் காப்பி.

இன்னொன்று. ஸ்டோமா என்று ஒரு வார்த்தையைப் பார்த்தேன். எங்கே என்று கேட்காதே. உங்கள் பக்கத்து வார்த்தை மாதிரி இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? உண்மையான அர்த்தம் என்னவோ அதை எழுது.

அண்ணன்

---

மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

நீ நலம் "என்றே சொல்ல வேண்டும்" என்று எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நலம் என்றால் நலம் என்று எழுது. ஒரு வார்த்தையை வாயில் பிடிக்கப் பத்து நாளா? இதென்ன போட்டி? அண்ணியிடம் கேட்டால் "கடிதத்தில் எழுதுவார்" என்று சொல்லிவிட்டு, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்கிறார்கள்.

போகட்டும். ஸ்-டோ-மா. எளிய சொல், கிரேக்க மொழியில் "வாய்".

உன் வீட்டு வாசலில் ஏதாவது செடி இருந்தால் ஓர் இலையைத் திருப்பிப் பார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நுண்ணோக்கியில் வைத்தால் அடிப்புறம் முழுக்க வாய்கள். ஒவ்வொன்றுக்கும் மேலுதடு கீழுதடு போல இரண்டு செல்கள். வெளிச்சம் வந்தால் உப்பித் திறக்கும், வறட்சி என்றால் சுருங்கி மூடிக்கொள்ளும். ஒரே இலையில் பல்லாயிரம் வாய், எதுவும் தின்பதற்கில்லை, பேசுவதற்கில்லை. மூச்சு விடுவதற்கென்றே வைத்த வாய்கள்.

முதல்முதலாக அதைப் பார்த்த அன்று எனக்கு வகுப்பை விட்டு எழுந்து போகவே மனமில்லை. எவ்வளவு அழகு தெரியுமா? பார்த்தவர் அதற்குப் பெயர் வைக்க நினைத்தபோது "ஓட்டை" என்று வைத்திருக்கலாம். பார்வைக்கு ஓட்டைதான். அவர் வாய் என்று வைத்தார். உயிர் உள்ளே போய் வெளியே வருகிற இடத்தை ஓட்டை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

இதை எங்கே பார்த்தாய்?

உன் வாலு

---

மே 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையே என்று நீங்கள் கவலைப்பட்டிருப்பீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் அண்ணன் அதைப் படித்துவிட்டு வாசலுக்குப் போனார். தொட்டிச் செடியில் ஓர் இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. இலை மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் வெகுநாளுக்கு அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினார்.

போனில் நான் சொன்னதெல்லாம் அவர் சொல்லச் சொன்னது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள், எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. புதிதாக ஏதாவது வார்த்தை இருந்தால் அனுப்புங்கள். நீளமானதாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

அன்புடன்
அண்ணி

---

மே 17

அண்ணா,

இந்த முறை நலம் விசாரிக்கப் போவதில்லை. தெரிந்துவிட்டது.

எங்கள் வழிகாட்டிகளுக்குக் குரல் பயிற்சி தர ஓர் ஆசிரியை வருகிறார். அவர் முன்பு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர். தேநீர் இடைவேளையில் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"ஒருத்தர் ப, ட, க-ல தொடங்குற வார்த்தையா வேணும்கிறார். ம, ல வேணாமாம். என்ன விளையாட்டுங்க இது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு கேட்டது?"

"எங்க அண்ணன்."

"போன்ல பேசுறாரா?"

"இல்ல. இந்த வருஷம் பேசவே இல்ல."

அதற்கப்புறம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். குரல்வளையை எடுத்துவிட்டால் மூச்சு கழுத்தில் வைக்கிற துளை வழியாகப் போய்விடும், வாய்க்கு வராது; அந்தத் துளைக்குத்தான் ஸ்டோமா என்று பெயராம். ஆனால் ப, ட, க சொல்லும்போது வாய்க்குள்ளே அடைபடுகிற காற்றை உணவுக்குழாய்க்குள் தள்ளி, ஏப்பம் போலத் திரும்ப விட்டால் அதிலேயே ஒரு குரலை உண்டாக்கலாம். "ரொம்பக் கஷ்டம்மா. முக்கால்வாசிப் பேர் பாதியில விட்டுடுவாங்க. உங்க அண்ணன் விடலன்னா பெரிய ஆளு" என்றார்.

நீ ஸ்டோமா என்று கேட்டாய். நான் உனக்கு இலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. அதை நேரில் வரும்போது காட்டிக்கொள்கிறேன். இப்போது உனக்கு வேலை இருக்கிறது. அண்ணி நீளமானது கேட்டார்கள். காக்-க-லி-த்த-ஃபோர். நடுவில் ஒரு "லி" வரும், தாண்டிப் போ. "விதைக்கல் சுமப்பது" என்று பொருள். கடலில் மிதக்கும் ஒற்றைச் செல், தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் குட்டிக் குட்டிக் கேடயங்கள் செய்து மாட்டிக்கொள்ளும். செத்தபின் அந்தக் கேடயங்கள் கடலடியில் படிந்து, யுகக்கணக்கில் சேர்ந்து, வெள்ளை மலையாகவே எழுந்து நிற்கும். ஊசி முனையில் எத்தனையோ நிற்கும் அளவு உயிர், மலை செய்கிறது.

இதைச் சொல்லி முடி. முடித்ததும் எனக்குப் போன் செய்.

வாலு

---

ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லாததால் தைரியமாக எழுதுகிறேன்: நலம். மெய்யாகவே நலம். குரல்வளையில் இருந்த கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொல்லிவிட்டார். டிசம்பரில் ஆபரேஷன். சங்குக்கே சங்கு ஊதிவிட்டார்கள் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. நர்ஸ் சிரித்தாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ ஓடி வந்திருப்பாய். வந்து என் முன்னால் நின்றிருப்பாய். நான் உன்னை "வா" என்று சொல்ல முடியாமல் நின்றிருப்பேன். அதை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு தாள் கொடுத்தார்கள். பாட்டு, தட்டு, கட்டு, பட்டு என்று எழுதியிருந்தது. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் நான் "பாட்டு" என்று சொல்ல வாயைத் திறந்தால், என் பழைய குரல் அதைச் சொன்னது காதுக்குள் கேட்கிறது. அதற்குப் பக்கத்தில் இப்போது வருகிற சத்தம், பழைய கதவு திறக்கிற மாதிரி. தாளைச் சுருட்டி வீசிவிட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தவனை எழுப்ப அண்ணி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அப்போது உன் டெரபாட் வந்தது. அந்த வார்த்தையை நான் ஆயுளில் சொன்னதில்லை. பழைய குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. சும்மா சொல்லிப் பார்த்தேன், கரகரவென்று ஏதோ வந்தது. டெரபாட்டைப் பொறுத்தவரை அதுதான் என் குரல். முன்னே பின்னே ஒப்பிட அதனிடம் ஒன்றும் இல்லை. கோப்பெபாட்டுக்கும் இல்லை. நீ அனுப்பினதெல்லாம் என்னைப் பழைய ஆளாகத் தெரியாத வார்த்தைகள். அவற்றோடு புதுசாகப் பழக முடிந்தது. அவை பழகினபிறகு, பாட்டும் தட்டும் தானாகப் பின்னாலேயே வந்துவிட்டன.

கழுத்தில் இருப்பதை எல்லாரும் ஓட்டை என்றார்கள். ஓட்டையைத் துடைக்கணும், ஓட்டையை மூடணும், ஓட்டையில் தண்ணீர் போகக்கூடாது. டாக்டர் சீட்டில் ஸ்டோமா என்று இருந்தது, அதுவும் ஏதோ ஓட்டைக்குப் பட்டப் பெயர் என்று நினைத்தேன். நீதான் வாய் என்று எழுதினாய். தெரியாமல் எழுதினாய் பார், அதனால்தான் நம்பினேன். தெரிந்து எழுதியிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்கிறாய் என்று விட்டிருப்பேன்.

காக்கலித்தஃபோர் இரண்டு துண்டாக வருகிறது. ஒரே மூச்சில் வரட்டும், போன் செய்கிறேன்.

உன் அண்ணன்

---

ஜூலை 14

அன்புள்ள அண்ணா,

நலம்தானே என்று கேட்கவே தேவையில்லை. நேற்றுத்தானே பேசினோம்! இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. பேசினோம்.

போனை எடுத்ததும் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ தண்ணீரை விழுங்குகிற மாதிரி ஒரு சின்ன சத்தம். பிறகு, "காக்கலித்தஃபோர்." ஒரே மூச்சில். நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் உளறினேன். நீ "டாப்ட்டியா?" என்றாய். எனக்குப் புரியவில்லை. "என்னது அண்ணா, அது எந்த விலங்கு?" என்று கேட்டேன். நீ மறுபடியும், மெதுவாக, "டா...ப்...ட்டியா?" என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்கிறாய்! அறிவியல் பெயர் என்று நினைத்துத் தாளும் பென்சிலும் எடுத்துவிட்டேன்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். உன் பக்கம் ஒரே அமைதி. மனசு புண்பட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன். அண்ணி போனை வாங்கிச் சொன்னார்கள்: "அவர் சிரிக்கிறார். சத்தம் வரல, ஆனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறார். கண்ல தண்ணியே வந்துடுச்சு."

அண்ணா, அது உன் பழைய குரல் இல்லைதான். நீயும் நானும் பொய் பேச வேண்டாம். ஆனால் இரண்டாவது நிமிஷத்தில் எனக்கு அது மறந்துவிட்டது. எங்கே நிறுத்துவாய், எங்கே இழுப்பாய், எந்த இடத்தில் என்னை வம்புக்கு இழுப்பாய், எல்லாம் அப்படியே இருந்தது.

ஒரு வார்த்தை தருகிறேன், இது பயிற்சிக்கு இல்லை. ஸ்ட்ரிடுலேஷன். "கிரீச்சிடுதல்". வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் இறக்கையையோ காலையோ உரசிப் பாடுகிற வித்தைக்குப் பெயர். எங்கள் பூச்சிக் கூடத்தில் பாடகர்கள் நிறைந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தொண்டை கிடையாது. உடம்பில் எது கிடைத்ததோ அதை வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மாலை அந்தப் பெட்டிகள் பக்கம் போனபோது, "எங்க அண்ணனும் உங்க கோஷ்டிதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் வருகிறேன். கோபத்தையும் எடுத்துவருகிறேன்.

உன் வாலு

---

செப்டம்பர் 21

அன்புள்ள வாலுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்து நன்றாக இருப்பாய். இங்கே வந்து இருந்த பத்து நாளில் கோபத்தைக் காட்டவே இல்லையே, பெட்டியிலேயே திரும்பக் கொண்டுபோய்விட்டாயா? அண்ணி உன்னை விசாரித்தாள்.

நீ கிளம்பின பிறகு சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். ஏலத்துக்கு இல்லை, எடை மேசைக்கு. தராசைப் பார்த்துச் சீட்டு எழுதுகிற வேலை, வாய் தேவையில்லை. ஏலம் விடுவதற்குப் புது ஆள் வந்திருக்கிறான், மைக்கோடு. நல்ல பையன்தான். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய வியாபாரிகள் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பாவம், எனக்குப் பதில் சொல்லக் கஷ்டம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

முந்தாநாள் அந்த மைக் பையன் வரவில்லை. மைக் இருந்த அலமாரிச் சாவியும் அவனிடம். படகுகள் வந்து நின்றாயிற்று, கூடைகள் தரையில், ஐஸ் உருகித் தண்ணீர் என் பூட்ஸ் வரைக்கும் ஓடுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். மொத்த வியாபாரியம்மா, என்னிடம் காலங்காலமாக மல்லுக்கட்டி விலை குறைக்கிறவள், மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீங்களே விடுங்கண்ணே."

நான் கழுத்தைக் காட்டினேன்.

"தெரியும். கேக்கலேன்னா கிட்ட வர்றோம். அவ்வளவுதானே?"

சொல்லிவிட்டு அவளே மற்றவர்களை இழுத்துவந்தாள். வட்டமாக நின்றார்கள், நான் மூச்சு விடுவது கேட்கிற தூரத்தில். யாரோ ஒருவன் போய் ஐஸ் உடைக்கிற மெஷினை நிறுத்தினான். வண்டி தள்ளுகிறவர்கள் வண்டியை அப்படியே விட்டார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கூடத்தை ஒரு தடவையாவது அடக்கிவிட வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், நடந்ததில்லை. அன்றைக்குத்தான் கூரையில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டேன்.

முதலில் இருந்தது பாறை மீன். காற்றை உள்ளே தள்ளினேன். "பாறை. பத்துக் கூடை" என்றேன்.

கரகரவென்றுதான் வந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வியாபாரியம்மா என் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்கிற மாதிரி, ஒரு விலையைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் அதைவிட மெதுவாகக் கூட்டிக் கேட்டார். அதற்கு அடுத்தவர் வெறும் உதட்டசைவு. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி ஒவ்வொருவரும் கிசுகிசுத்து ஏலம் கேட்கிறார்கள்!

எனக்குத் தாங்கவில்லை. "ஏன்யா, தொண்டைதான் போச்சு. காது போகல" என்றேன்.

அப்படிச் சிரித்தார்கள், பார். நானும் சிரித்தேன், என் வழியில். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கூடைக்கு வந்தோம். ஆனால் கடைசிக் கூடை போகிற வரைக்கும், அவர்களில் ஒருத்தர்கூடக் குரலை உயர்த்தவில்லை.

உன்
அண்ணன்